தலைவிதியும் சட்டவிதியும்

'விதி' என்று ஒரு சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். கோயில் வாசலிலும் அதே சொல். நீதிமன்ற வாசலிலும் அதே சொல். ஒருவர் தலையில் எழுதப்பட்டிருப்பதாகக் கூறப்படுவதும் விதி. அரசிதழில் அச்சிடப்பட்டிருப்பதும் விதி. முன்னதை எவரும் கண்ணால் கண்டதில்லை. எனினும் ஊரே நம்புகிறது. பின்னதை எவரும் வாங்கிப் படிக்கலாம். எனினும் நம்புவார் சிலரே. போடிநாயக்கனூரில் ஞாயிறுதோறும் நாங்கள் அமரும் மேசைக்கு முன் வந்து நிற்போரில் பெரும்பாலோர் முதல் விதியைச் சுமந்துகொண்டு வருபவர்கள். இரண்டாம் விதியை அவர்கள் கையில் கொடுத்தனுப்புவது எங்கள் வேலை. வேலை அவ்வளவுதான், ஆனால் எளிய வேலை அன்று.

நாங்கள் சட்டக் கல்லூரி மாணவர் சிலர். ஊரார் எங்களை 'வக்கீல் தம்பிகள்' என்று அழைப்பதுண்டு. அன்பினால் அழைக்கின்றனர், ஆயினும் அந்தப் பட்டம் எங்களுக்கு ஆகாது. 1961 ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 45 ஆம் பிரிவு, பதிவு பெறாதவர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு என்கிறது. ஆகவே கறுப்பு அங்கியும் இல்லை, கனல் பறக்கும் வாதமும் இல்லை. படிப்பகம் ஒன்றின் முன்னறை, ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு கட்டு வெள்ளைத்தாள், நாங்கள் எழுதியதைத் திருத்தித் தரும் மூத்த வழக்கறிஞர் ஒருவரின் பொறுமை. இவையே எங்கள் மூலதனம். வந்தவர் சொல்வதைக் கேட்கிறோம். கையிலுள்ள தாளைப் படித்துக் காட்டுகிறோம். மனு எழுதுகிறோம். எந்த அலுவலகத்தில், எவரிடம் கொடுத்து, எந்த ஒப்புகைச் சீட்டைப் பெற வேண்டும் என்று சொல்கிறோம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள் என்பதை ஒரு நாளில் இருபது முறையாவது சொல்கிறோம். அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் தோழர் ஒருவருக்கு 'ஒப்புகைச் சீட்டு' என்றே பெயர் வந்துவிட்டது.

ஏன் ஞாயிறு? மற்ற நாள்களில் எங்களைத் தேடி வரவேண்டியவர்கள் ஊரில் இல்லை, மலைமேல் இருக்கின்றனர். பொழுது புலருமுன் போடியின் தெருமுனைகளில் ஜீப்புகள் நிற்கும். தூக்குச்சட்டியும் பழஞ்சட்டையுமாக மகளிர் ஏறி நெருக்கி அமர்வர். முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று விரிந்து கிடக்கும் ஏலத் தோட்டங்களில் அவர்களை இறக்கிவிடும் அந்த வண்டிகள். மாலையில் அதே வளைவுகள்; இம்முறை இறக்கம், பல நாள் மூடுபனி.

ஏலக்காய் கிளையில் தொங்கும் கனி அன்று. செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் காம்பில் காய்ப்பது. எடுப்பவர் நாள் முழுதும் குனிந்தே இருக்க வேண்டும். நறுமணப் பொருள்களின் அரசி என்று வாணிகர் ஏலக்காயைப் புகழ்வர். அரசியின் முன் குடிகள் குனிந்து நிற்பது பழைய வழக்கந்தானே என்று எவரேனும் வேடிக்கை பேசலாம். நாள் முழுதும் குனிந்தவர் அதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்.

இந்த மலைக்கு இன்னொரு தொல்லை உண்டு. அது 1956 நவம்பர் 1 ஆம் நாள் வந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்த அந்நாளில், தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்துடன் சேர வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறாமல், மலை கேரளத்தோடு நின்றது. அந்தப் பழங்கணக்கைத் திறப்பதற்காக இதை எழுதவில்லை. கோடு போட்டாயிற்று, கோட்டின் இருபுறமும் உழைப்பவரே வாழ்கின்றனர். நாங்கள் சொல்லவந்தது வேறு. போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் நின்று செல்வது வண்டி மட்டுமே. மக்கள் உள்ளத்திலோ சட்டமே அங்கு வந்து நின்றுவிடுகிறது. கூலி பாக்கி நிற்பது அந்தப் பக்கம். குடும்ப அட்டை இந்தப் பக்கம். காயம் பட்டது அந்தப் பக்கம். கட்டுப் போட்டது இந்தப் பக்கம். தோட்டத்துப் பதிவேடு மலையாளத்தில். எங்கள் மனு தமிழில். "அது கேரளா தம்பி, நம்ம சட்டம் அங்கே செல்லாது" என்று ஒருவர் சொல்லாத ஞாயிறு கிடையாது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்குச் சோதனைச் சாவடி இல்லை என்பதை எங்கள் பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இங்கே அந்த ஒரு வரிக்கு ஒரு முழுநாள் வேண்டியிருக்கிறது.

ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐம்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் மகளின் தோளைப் பற்றிக்கொண்டு வந்தார். ஒரு கால் தரையில் ஊன்றவில்லை. பெஞ்சில் அமரவே சிறிது நேரம் ஆயிற்று. அவர் வந்தது வழக்குக்காக அன்று. "ஏதாச்சும் உதவித்தொகை கெடைக்குமான்னு ஒரு மனு எழுதிக் குடுங்க தம்பி" என்றார். எழுதலாம் அம்மா, கால் எப்படி ஆயிற்று என்று கேட்டோம். "வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். மருத்துவமனைச் சீட்டும் அதையேதான் கூறியது: வீட்டில் வழுக்கி விழுந்ததாகத் தெரிவிக்கப்பட்டது.

மனுவை எழுதத் தொடங்கியிருப்போம். எங்களில் ஒருத்தி, தானும் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பெண், எழுதுகோலை வைத்துவிட்டு அவர் அருகில் போய் அமர்ந்தாள். "எந்த ஜீப்புல அத்தை போவீங்க?" என்று கேட்டாள். கேள்வி அவ்வளவுதான். மகள் தரையைப் பார்த்தாள். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு வந்தது செய்தி.

"எல்லாம் தலைவிதி தாயி. வண்டி கவுந்துச்சு. பத்துப் பதினஞ்சு பேரு இருந்தோம். மத்தவங்களுக்குச் சிராய்ப்பு. எனக்கு மட்டும் கால் போகணும்னு எழுதியிருக்கு."

எழுதியிருக்கிறதாம்! எழுதியது யார் என்று பார்த்தோம். இருக்கைக்கு மேல் இரட்டிப்பாக ஆள் ஏற்றியது ஒருவர். தேய்ந்த சக்கரத்தோடு மலை ஏற்றியது ஒருவர். விழுந்தவரை எடுத்து வந்தபோது, வழியிலேயே, 'வண்டி என்று சொன்னால் போலீசு கேசாகும், கேரளாவுக்கு நடையாய் நடக்கணும், வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று பாடம் சொல்லிக் கொடுத்தது ஒருவர். அவர் சொன்னபடி விபத்துப் பதிவேட்டில் எழுதியது இன்னொருவர். பத்து நாள் கழித்துப் பதினைந்தாயிரம் ரூபாயைக் கொடுத்து, ஏதோ ஒரு தாளில் கைநாட்டு வாங்கிச் சென்றது மற்றொருவர். தலையில் எழுதியவன் பிரமன் என்பர். இந்த அம்மையாரின் தலையெழுத்தில் நாங்கள் எண்ணிய கைகள் ஐந்து. ஐந்தும் மனிதர் கைகள். பிரமனுடைய கையெழுத்தை எங்கும் காணோம்.

சரி, சட்டவிதி என்ன சொல்கிறது? 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166 ஆம் பிரிவைப் பிரித்து வைத்துக்கொண்டு அவருக்குப் படித்துக் காட்டினோம். விபத்து நடந்த இடத்திலுள்ள தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். அல்லது பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் இடத்திலுள்ள தீர்ப்பாயத்திலும் செய்யலாம். வண்டி இடுக்கி மாவட்டத்தில் கவிழ்ந்திருந்தாலும், போடிக்காரர் தம் வழக்கைத் தேனி மாவட்டத்திலேயே நடத்தலாம். 'கேரளாவுக்கு நடையாய் நடக்க வேண்டும்' என்று சொல்லி அவரை அச்சுறுத்திய அந்த ஒரு வாக்கியம் பொய். அந்தப் பொய்யின் விலை பதினைந்தாயிரம் ரூபாய்.

காவல் நிலையத்துக்கும் அப்படியே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதியலாம் என்கிறது. அந்தச் சட்டத்துக்கு வைத்துள்ள பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. போடியில் அதைத் தடுமாறாமல் உச்சரிப்பவர் எவரேனும் உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறோம். பெயர் எப்படியிருப்பினும் 173 ஆம் பிரிவு பயன்படுகிறது.

அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதால் காப்பீடு கிடைக்காது என்று ஒரு வாதமும் ஊரில் உலவுகிறது. பாதி உண்மை, ஆகவே முழுப் பொய்யை விடத் தீமை மிகுந்தது. 2007 இல் அஞ்சனா ஷ்யாம் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியதைச் சுருக்கமாகச் சொன்னால்: காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு, அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட பயணிகளின் எண்ணிக்கை அளவோடு நிற்கும், அந்தத் தொகையை அடிபட்டவர்களுக்குள் பகிர்ந்து, மிச்சத்தை வண்டியின் உரிமையாளரிடம் பெற வேண்டும். குறைவாகக் கிடைக்கலாம், ஒன்றுமே இல்லை என்பது அன்று. பயணிகளுக்கென்று காப்பீடே எடுக்காமல் ஓடும் சொந்த உபயோக வண்டியானால் சிக்கல் பெரிது. அந்தச் சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம்பிக்கை கொடுப்பதாக நினைத்துப் பொய் சொன்னால், எங்களுக்கும் அந்த ஜீப்பு ஆளுக்கும் வேறுபாடு என்ன?

எல்லாவற்றிலும் கடுமையானது காலக் கெடு. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்தாக வேண்டும் என்று ஆயிற்று. (அந்தத் திருத்தத்தை எதிர்த்த வழக்கில், கெடு கடந்தது என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளவேண்டா என்று 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணை இட்டது, நாங்கள் சொல்லும் காலத்தில் அது இல்லை.) அம்மையார் எங்கள் மேசைக்கு வந்தபோது ஐந்து மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. எலும்பு கூடுவதற்கு ஆகும் காலமும், கெடு தீரும் காலமும் ஏறத்தாழ ஒன்று! நோயாளி எழுந்து நடக்கும் நாளில் அவருடைய உரிமை படுத்துவிடும். இப்படி ஒரு கெடுவை வைத்தவர்கள் காலொடிந்து கிடந்த ஏழை எவரையும் அருகிருந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறோம்.

வழக்கறிஞர் வேண்டும், பணம் இல்லை. இந்த இடத்தில்தான் நாங்கள் 'இலவசச் சட்ட உதவி' என்று சொன்னோம். சொன்னவுடன் அம்மையாரின் முகம் சுருங்கிற்று. "ஓசி வக்கீலு சரியாப் பேசுவாரா தம்பி?" என்று மகள் கேட்டாள், அம்மையாரோ, "தருமத்துக்குச் செய்யறவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுல்ல" என்றார்.

தோழர்களே, இந்த இரண்டு பேச்சையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று, இலவசம் என்றால் இளப்பம் என்ற ஐயம். மற்றொன்று, உரிமையைத் தருமம் என்று எண்ணிக் கூசும் உள்ளம். உதவித்தொகைக்கு மனு எழுதக் கேட்டபோது கூசாதவர், தமக்கு உரிய இழப்பீட்டைக் கேட்கக் கூசினார்! எத்தனை தலைமுறையாகக் கற்பித்த பாடம் இது! அளிப்பவன் உயர்ந்தவன், பெறுபவன் தாழ்ந்தவன், கேட்பது குற்றம், பொறுப்பது புண்ணியம் என்ற பாடம். இதைக் கற்பிக்கப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. மறக்கச் செய்யத்தான் படிப்பகம் தேவைப்படுகிறது.

1987 ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12 ஆம் பிரிவை எடுத்துக் காட்டினோம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர், சாதிக் கொடுமைக்கும் பேரிடருக்கும் ஆளானோர். இவர்களுக்கு அரசு செலவில் வழக்கறிஞரைப் பெற உரிமை உண்டு. மற்றவர்க்கு வருமான வரம்பு பார்ப்பர்; இவர்களுக்கு அதுவும் இல்லை. மாளிகையில் வாழும் சீமாட்டியும் கேட்கலாம், மலையில் காய் எடுக்கும் அம்மையாரும் கேட்கலாம். "பெண் என்பதே போதும் அத்தை" என்றாள் எங்கள் தோழி. அம்மையார் முதல் முறையாகச் சிரித்தார். பெண் என்பதற்காக எதையோ பெறலாம் என்று எவரும் அவரிடம் சொன்னதில்லை போலும்.

இந்த உரிமை வானத்திலிருந்து விழவில்லை. இங்கிலாந்தில் போருக்குப் பின், 1949 இல், வழக்கு நடத்தப் பணமில்லாதவர்க்கு அரசே வழக்கறிஞரை அளிக்கும் சட்டம் வந்தது. நம் நாட்டுச் சட்ட ஆணையம் 1958 இல் தன் 14 ஆவது அறிக்கையில் இதை வற்புறுத்திற்று. ஏட்டில் கிடந்தது. அமெரிக்காவின் புளோரிடா சிறையிலிருந்து கிடியன் என்ற ஏழைக் கைதி, பென்சிலால் ஒரு மனு எழுதி அந்நாட்டு உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பினான். வழக்கறிஞர் இன்றித் தன்னைத் தண்டித்தது முறையா என்று கேட்டான். 1963 இல் முறையன்று என்று தீர்ப்பாயிற்று. மீண்டும் விசாரணை நடந்தது. அதே ஊர், அதே குற்றச்சாட்டு. இம்முறை அவன் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் நின்றார். விடுதலையானான்! சட்டம் மாறவில்லை, துணை ஒன்று வந்தது, முடிவு மாறிற்று.

இங்கே, பாலக்காட்டில் பிறந்து தலச்சேரியில் ஏழைகளுக்காக வழக்காடிய வி. ஆர். கிருஷ்ணய்யர், நீதிபதியான பிறகு 1973 இல் சட்ட உதவிக் குழுவின் தலைவராக அறிக்கை தந்தார். 1976 இல் அரசியலமைப்பில் 39-அ என்ற பிரிவு சேர்ந்தது. 1979 இல், பீகார்ச் சிறைகளில், குற்றம் உறுதியானால் கிடைக்கும் தண்டனையை விட நெடுங்காலம் விசாரணையே இன்றி அடைபட்டுக் கிடந்தவர்களின் வழக்கு, ஹுசைனாரா கத்தூன் வழக்கு, உச்சநீதிமன்றத்தின் மனச்சான்றை உலுக்கிற்று. 1987 இல் சட்டம் இயற்றினர். அது நடைமுறைக்கு வந்ததோ 1995 நவம்பர் 9 ஆம் நாள். எட்டாண்டு! ஏழைக்கு உரிய சட்டம் நடந்துதான் வரும். எவரும் அதற்கு ஜீப்பு அனுப்புவதில்லை.

மாணவர்க்கு இதில் என்ன இடம் என்று கேட்பார் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1913 இலேயே மாணவர்கள் தாமே ஒரு சட்ட உதவி நிலையத்தை அமைத்தனர். நம் 1987 சட்டமே, 4 ஆம் பிரிவில், சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்களை வளர்க்கவேண்டும் என்கிறது. 2009 முதல் நடைபெறும் சட்டத் தன்னார்வலர் திட்டத்தில், வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரை மாணவர்களும் சேரலாம். வாசல் திறந்தேயிருக்கிறது.

ஆனால் திறந்த வாசலில் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் கூட்டமும் உண்டு. சட்ட விழிப்புணர்வு முகாம் என்று எங்கேனும் ஒரு பலகை கட்டியிருந்தால் நாங்கள் போய்ப் பார்ப்போம். வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை, பொன்னாடை, மறு பொன்னாடை, நன்றியுரை. எவருக்காக முகாமோ அவர்கள் பின்வரிசையில் அமர்ந்து, எப்போது முடியும் என்று எதிர்பார்த்திருப்பர். கையிலே மடித்து வைத்த ஒரு தாள் வேர்வையில் நனைந்து கிடக்கும். அந்தத் தாளை வாங்கிப் படிக்க மேடையிலிருந்து ஒருவரும் இறங்குவதில்லை. எல்லா முகாமும் அப்படி என்று சொல்லவில்லை. தாளை வாங்கிப் படித்த நீதிபதிகளையும் பார்த்திருக்கிறோம். பொன்னாடையை ஒழித்துவிட்டு அந்த நேரத்தில் நாலு தாளைப் படித்தால் போதும் என்பதே எங்கள் கட்சி.

அம்மையாரின் வழக்குக்கு வருகிறோம். இலட்சுமிபுரத்திலுள்ள மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு அவரை அழைத்துச் சென்று, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தோம். வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தினர். ஓசி வக்கீல் என்று மகள் ஐயுற்றவர், ஒவ்வொரு தாளையும் எங்களை விடப் பொறுமையாகப் படித்தார். கெடு முடியப் பதினொரு நாள் இருக்கையில் இழப்பீட்டு மனு தீர்ப்பாயத்தில் பதிவாயிற்று.

பதிவானதோடு துன்பம் தீர்ந்ததா? மருத்துவமனை ஏடு 'வீட்டில் விழுந்தார்' என்கிறது. அதை மறுக்கச் சாட்சி வேண்டும். வண்டியில் இருந்தவர் பத்துப் பதினைந்து பேர். அத்தனை பேரும் இதே ஊர், பலர் இதே தெரு. வீடு வீடாகப் போனோம். எவரும் இல்லை என்று மறுக்கவில்லை. "கவுந்தது நெசந்தான் தம்பி, நாங்க சொன்னோம்னு வேணாம்" என்றனர். சினம் வந்தது எங்களில் சிலருக்கு. பிறகுதான் விளங்கிற்று. தோட்டத்தில் வேலை கிடைப்பதே ஜீப்புக்காரர் சொல்லித்தான். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள், எவர் வரலாம், எவர் வரவேண்டா என்பதெல்லாம் அவர் கையில். சாட்சி சொன்னவருக்கு மறுநாள் வண்டியில் இடம் இராது. இடம் இல்லையேல் கூலி இல்லை. நீதிமன்றத்தில் உண்மை பேசுவதற்கு அவர்கள் கொடுக்கவேண்டிய கட்டணம் அது. எந்தச் சட்ட உதவி நிதியிலும் அந்தக் கட்டணத்துக்கு வழியில்லை.

இந்த இடத்தில் எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. வற்புறுத்தினால் ஒருவரேனும் வருவார் என்றனர் சிலர். வழக்கு நமக்கு ஒரு பாடம். அவர்களுக்கோ அடுப்பு என்றனர் மற்றவர். அடுப்பின் பக்கமே பெரும்பான்மை நின்றது. யாரையும் வற்புறுத்தவில்லை. வந்தால் என்ன நேரலாம், வராவிட்டால் என்ன நேரலாம் என்று இரண்டையும் சொல்லிவிட்டு வந்தோம். ஆறு வாரம் கழித்து ஒருவர் தாமே படிப்பகத்துக்கு வந்தார். முழங்கால் தேய்ந்து, மலைவேலையை விட்டுவிட்டவர். "இனி எனக்கு ஜீப்பு வேணாம் தம்பி, எழுதிக்கங்க" என்றார். மலை அவரைக் கைவிட்ட பிறகே அவரால் உண்மையைப் பேச முடிந்தது. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு செய்தியையும் அந்தத் தெருவில் சொல்லி வருகிறோம். 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 1923 ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் அடங்கிவிட்டன. தொகுப்புச் சட்டங்களைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்குக் கடுங்குறைகள் உண்டு, எங்களுக்கும் உண்டு. ஆயினும் கையில் கிடைத்ததைப் பயன்படுத்தாமல் விடுவானேன்? வீட்டிலிருந்து வேலைத்தலம் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதாயின், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும் என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. முன்பு நெடிது வாதாடிப் பெறவேண்டியிருந்தது அது. ஜீப்பில் போகும் மகளிருக்கு இதைவிட வேண்டிய செய்தி வேறென்ன? எனினும் அந்தத் தெருவில் இதை அறிந்தவர் ஒருவரும் இல்லை. அரசிதழ் போடி வரை வருவதில்லை. நாங்கள் சென்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்வதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. படிப்பகம் நடத்தும் தோழர்கள் ஒவ்வொருவரும் சொல்லலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம். நாங்கள் ஒரு சிறு தாளில் நான்கே வரி அச்சிட்டு வைத்திருக்கிறோம்: வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவமனையில் உண்மையைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள், வெறுந்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள், ஆறு மாதத்துக்குள் வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு அந்த நான்கையும் பாட்டாகவே சொல்லிக் கொடுக்கிறாள் எங்கள் தோழி. மெட்டு சுமார்தான்.

அடுத்த காய் எடுப்புக் காலத்தில், ஒரு மாலை, வளைவு ஒன்றில் வேறொரு ஜீப்பு சரிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, மூவருக்குக் காயம். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டை எழுத வந்தவர், வழக்கம்போல், வீட்டில் விழுந்ததா என்று கேட்டாராம். கட்டிலில் கிடந்த பெண் கையை நீட்டியிருக்கிறாள். உள்ளங்கையில் வண்டி எண் இருந்தது. பேனா கிடைக்காமல் மருதாணிக் குச்சியால் யாரோ எழுதியது. பக்கத்தில் நின்ற இன்னொரு பெண், "ஜீப்பு கவுந்துச்சுன்னு எழுதுங்க சார், இந்த நம்பரையும் சேத்து எழுதுங்க. எழுதினதை ஒரு வாட்டி படிச்சுக் காட்டுங்க" என்றாளாம்.